வேம்புலிக்குப் போட்ட இலை

செத்துப்போனவன் வீட்டைக் கேட்டுக்கொண்டு அயனம்பாக்கத்துக்கு ஒரு ஆள் வந்தார். ஏரிக்கரைத் தெரு டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வந்தவர் டிவிஎஸ் ஃபிப்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ரெக்சின் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து இன்னொரு முறை படித்தார்.

"வேம்புலி, தகப்பனார் பேர் சின்னப்பையன். இந்தத் தெருதானே?"

"தெரு இதான் சார். ஆளுதான் இல்ல. பூட்டாரு, ஒம்போது வருசம் ஆச்சு," என்றார் கடைக்காரர். "நானே கருமாதிக்குப் போய் சாப்ட்டுக்கீறேன்."

வந்தவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "நேத்து காலையில நான் அவரைப் பார்த்தேனே. அரை டம்ளர் கஞ்சி குடிச்சார்," என்றார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வேம்புலி ஜெயிலில் இருக்கிறான் என்பது தெருவில் எல்லோருக்கும் ஒரு காலத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவன் பெண்டாட்டி எல்லம்மா அவனைத் தலைமுழுகிக் காரியமும் செய்து முடித்த பிறகு, அவன் பேச்சை எடுப்பதில்லை என்று தெருவே சேர்ந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. ஏற்பாடு பழகிப் பழகி நிஜமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அவன் சுடுகாட்டில் இருக்கிறான் என்றே தெரியும். பெரியவர்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

சங்கதி நடந்தது எண்பத்து மூன்றில். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைநிறுத்தம். வேம்புலி அங்கே யூனியனில் முன்னால் நின்ற ஆள். எல்லம்மாவின் தம்பி நாகப்பனை அதே ஷாப்பில் சேர்த்துவிட்டதும் அவன்தான். நாற்பத்தோராம் நாள் நாகப்பன் வீட்டில் அரிசி தீர்ந்துபோனது. சொர்ணத்தைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளைப் பட்டினி போட அவனுக்கு மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் பின்பக்கக் கேட் வழியாக வேலைக்குப் போனான். சாயங்காலம் ஏரிக்கரையில் வேம்புலி அவனை மறித்துக் கேட்டான். கையில் இரும்புக் குழாய். ஒரே அடிதான். அடித்த கையோடு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று கத்திக்கொண்டே மெயின்ரோடு வரைக்கும் ஓடினான். ரோட்டுக்கு வந்து இறக்கிப் பார்த்தால் உயிர் இல்லை. அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் ஏரிக்கரையில் நாகப்பனுக்குக் காரியம். பிண்டம் பிடித்துக்கொண்டிருந்தபோது எல்லம்மா எழுந்து நின்று, "இன்னொண்ணு புடிங்க. அந்த ஆளுக்கும் இன்னிக்கே முடிச்சுடுங்க," என்றாள். உயிரோடு இருக்கிறவனுக்கு இதெல்லாம் செய்யக்கூடாது என்று பூசாரி எவ்வளவோ சொன்னார். அவள் கேட்டால்தானே. சொர்ணத்தின் தாலி கிடந்த பால் சொம்பிலேயே தன் தாலியையும் கழற்றிப் போட்டாள். சொர்ணத்தின் வளையலை உடைத்த கல்லிலேயே தன் வளையலையும் உடைத்தாள். கோபத்தில் செய்தாள், துக்கத்தில் செய்தாள், பத்தொன்பது வயதுச் சொர்ணத்தின் முகத்தை வேறெப்படியும் பார்க்க முடியாமல் செய்தாள். அப்புறம் ரேஷன் கார்டிலிருந்தும் அவன் பெயரை அடித்தாயிற்று.

அன்றிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கொன்றவன் பெண்டாட்டியும் செத்தவன் பெண்டாட்டியும் ஒரே பானையில் சோறு ஆக்கித் தின்பது பார்க்கிறவர்களுக்கு வேண்டுமானால் அதிசயம். அவர்களுக்கு அது நாலாவது நாளே பழகிவிட்டது. ரெண்டு பேரும் தாலி அறுத்தவர்கள் என்ற ஒரே கயிற்றில்தான் அந்தக் குடும்பம் கட்டப்பட்டிருந்தது. வருஷாவருஷம் மாசி மாதம் அந்தப் பதினாறாம் நாளில் மதியம் படையல் போடுவார்கள். எல்லம்மா அடுப்படியில் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். சொர்ணம் கூடத்தை மெழுகி இலை போடுவாள். நாகப்பனுக்கு ஒரு இலை, பக்கத்தில் வேம்புலிக்கு ஒரு இலை. அதில் ஒரு கட்டு பீடியும் உண்டு.

இப்போது அந்த வேம்புலி அரை டம்ளர் கஞ்சி குடிக்கிறான் என்று ஒருவர் வந்து சொன்னால் எப்படி இருக்கும்?

எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்த எல்லம்மாவையும் சொர்ணத்தையும் குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் அந்த ஆள் நின்றிருந்தார். பெயர் பார்த்தசாரதி, நன்னடத்தை அலுவலர் என்று சொல்லிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நெஞ்சுல கட்டி. ரெண்டு பக்கமும் பரவியாச்சு. மருந்து கேக்கிற கட்டம் தாண்டிடுச்சுன்னு ஜெயில் டாக்டர் எழுதியிருக்கார். இந்த மாதிரி இருக்கிறவங்களை அரசாங்கம் நெனச்சா முன்னாடியே விடலாம். கடைசி நாளை வீட்டுல கழிக்கட்டும்னு."

"யாரு ஊட்டுல?" என்று கேட்டாள் சொர்ணம்.

பார்த்தசாரதி ஃபைலைப் பிரித்தார். "ரெண்டு காகிதம் வேணும்மா. வெச்சுக் காப்பாத்தறோம்னு அவங்க சம்சாரம் ஒரு கையெழுத்து. எறந்துபோனவரோட சம்சாரத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வாக்குமூலம். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் ஃபைல் நகராது. ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல பாக்கப்போறேன்னு எனக்குத் தெரியாது."

"செத்த ஆளுக்கு எதுக்கு சார் ரெண்டாவது சாவு?" என்று சொல்லிவிட்டுச் சொர்ணம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் காகிதங்களை ஸ்டூல் மேலேயே வைத்தார், ரெண்டு வாரத்தில் வருவதாகச் சொன்னார். வண்டியைக் கிளப்பும்போது எல்லம்மாவிடம் குரலைத் தணித்து, "அவரு எதையும் கேக்கலம்மா. நாங்களாத்தான் எழுதறோம்," என்றார். கேட்டிருந்தால் எல்லம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டவனை ஏசிவிட்டுக் கதவைச் சாத்தலாம். கேட்காமல் கிடக்கிறவனை என்ன செய்வது?

அன்று முதல் ஒரு இருமல் கேட்டது.

எல்லம்மா முதலில் அதைக் கேட்டது வீட்டில்கூட இல்லை, வேலை செய்யுமிடத்தில். வார்ப்பில் வந்த சாமான்களுக்குப் பிசிறு எடுக்கிற வேலை அவளுக்கு. பக்கத்தில் பிரஸ் மெஷின் இறங்கி ஏறும். ரெண்டு அடிக்கு நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச இடைவெளியில், அடிநெஞ்சிலிருந்து இழுத்து ஒரு ஆண் இருமினான். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் வீட்டுக்குள் கேட்டது. தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சொர்ணம் முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து வாசற்படி ஓரம் வைத்தாள். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. அந்தச் சொம்பை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

எஸ்டேட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேம்புலியை விடுவது பற்றியே பேச்சு. கூட வேலை செய்கிற சாமுண்டீஸ்வரி சோற்றுக் கையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஆயுள்னா ஆயுசு முடியறவரைக்கும்னுதான அர்த்தம்? நோவு வந்தா உட்ருவாங்களா? அப்போ நாகப்பனுக்கு எந்த ஆபீஸர் வந்து கையெழுத்து வாங்கினான்?"

"அதுக்கில்லமே," என்றாள் இன்னொருத்தி. "எந்திரிச்சு ஒண்ணுக்குப் போவ முடியாதவன வெச்சுகினு ஜெயிலு இன்னா பண்ணப்போவுது? பூட்டு போட்டு பொணத்தக் காவல் காக்குறதா?"

"அப்போ அத்த இவ ஊட்டுல கொண்டாந்து போடணுமா? சொர்ணம் மூஞ்சிக்கு நேரா?"

எல்லம்மாவுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. அதுதான் கொடுமை. சொர்ணம் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள். அவள் போகிற முதுகைப் பார்த்தபோது எல்லம்மாவுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவனை அழைத்து வந்தால் இவள் போய்விடுவாள். இவள் இருக்கவேண்டுமென்றால் அவன் அங்கேயே சாகவேண்டும். ரெண்டில் ஒரு உயிரை அவள் கையால்தான் அனுப்பவேண்டும்.

அடுத்த வாரம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்பத்தூரில் ரயிலேறினாள். சென்ட்ரலில் இறங்கி ஜெயில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. ரயில் நாற்பது நிமிஷம், அப்புறம் ஒரு நடை. ஒன்பது வருஷமும் அவன் நாற்பது நிமிஷ தூரத்தில்தான் இருந்திருக்கிறான். சுடுகாட்டைவிடப் பக்கம் என்று அவளுக்குத் தோன்றியது.

கட்டிலில் கிடந்தவனை அவள் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. அவன்தான் கண்டுபிடித்தான். அவள் நெற்றியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"எப்ப அறுத்தே?" என்றான்.

"தம்பிக்கு காரியம் பண்ண அன்னிக்கே."

"சரிதான்," என்றான். கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "எலை போடுவீங்களா எனக்கு? வருசா வருசம்?" என்று கேட்டான்.

"போடுவோம். அவனுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு."

"மாசி மாசமா? மதியத்துல? கருவாட்டுக் கொழம்பா?"

எல்லம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அதான்," என்றான் வேம்புலி. "வருசத்துல ஒரு நாளு எனக்குப் பசிக்காதுமே. சோத்துத் தட்டைத் தொடமாட்டேன். கருவாட்டுக் கொழம்பு வாசனை மட்டும் வரும். பக்கத்துல கீறவன்லாம் சிரிப்பான். எங்கேந்துடான்னு நானும் நெனச்சுப்பேன்."

எல்லம்மா கட்டில் கம்பியைப் பிடித்தாள். தான் ஆத்திரத்தில் போட்ட இலை இத்தனை வருஷமும் இவன் வயிற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், இவன் செத்தவனா, இருப்பவனா? "அவன் வரானா? நாகப்பன்?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒரு வாட்டிகூட வர்ல. ஒம்போது வருசமா தேடறேன். வந்தா கால்ல வுழுந்துடுவேன்." அதற்குள் வார்டர் நேரமாகிவிட்டது என்றார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது சொர்ணம் கதவருகே நின்றிருந்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "இன்னா சொன்னாரு அந்த ஆளு?" என்றாள்.

எல்லம்மா உள்ளதைச் சொன்னாள். பசிக்காத நாளைச் சொன்னாள், குழம்பு வாசனையைச் சொன்னாள். சொர்ணத்தின் முகம் மாறியதைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத ஒன்று, ஏங்குகிற குழந்தையின் பார்வை, அங்கே வந்தது. அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எல்லம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வேறொன்றைச் சொன்னது.

"அவரு மட்டும் இல்லியாம். பக்கத்து எலையில நாகப்பனும் குந்தி துன்றானாம்."

சொர்ணம் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எளச்சுக்கீறாராமா?" என்று கேட்டாள்.

"இல்லியாம். அப்டியேதான் கீறானாம்."

"நல்லா துன்றாராமா?"

"துன்றானாம்."

"எனக்கு ஒரு வாட்டிகூட கனவுல வர்ல அக்கா," என்று சொல்லிச் சொர்ணம் அழ ஆரம்பித்தாள். புருஷன் செத்தபோது அழுத அழுகை வேறு. இது பொறாமையும் கலந்த அழுகை.

பார்த்தசாரதி மறுபடி வந்த அன்று, அவர் பேனாவை எடுக்குமுன்பே சொர்ணம் கையை நீட்டினாள். கருணையினால் கையெழுத்துப் போடுவதாக அவர் எழுதிக்கொண்டிருப்பார். "பெரிய மனசும்மா உங்களுக்கு," என்றுகூடச் சொன்னார். அவளுக்கு மனசு பெரிதா சின்னதா என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை. தன் புருஷனைப் பார்க்கிற கண் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது ஜெயிலில் கிடந்து மூடிவிடக்கூடாது, அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் எல்லம்மாவும் கையெழுத்துப் போட்டாள்.

ஃபைல் போலீஸுக்குப் போனது, தாசில்தாருக்குப் போனது, கோட்டைக்குப் போனது. ஒவ்வொரு மேஜையிலும் விடலாம் என்று ஒருவரும் கூடாது என்று ஒருவரும் எழுதியதாகப் பார்த்தசாரதி வந்து சொன்னார். டாக்டர் சொன்ன கெடு தாண்டியது. அவன் சாகவில்லை. அவன் செத்துவிட்டால் தன் பொய்யும் அவனோடு போய்விடும் என்று எல்லம்மா ஒருநாள் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் பிசிறு எடுக்கிற அரத்தில் விரலைக் கிழித்துக்கொண்டாள். வீட்டில் இருமல் மட்டும் நிற்கவில்லை. இப்போதெல்லாம் சொர்ணம் யோசிக்காமலேயே வாசற்படியில் சொம்பை வைத்தாள்.

தை மாதக் கடைசியில் ஒரு ஆட்டோவில் அவனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. காரியச் சோறு தின்ற டீக்கடைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், எதற்கென்று தெரியாமல் மறுபடி கட்டிக்கொண்டார். வேம்புலியைக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். அவன் உள்ளே வந்த அன்றோடு அந்தக் காணாத இருமல் நின்றது. இனி இருமியதெல்லாம் அவன்தான்.

சொர்ணம் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பாள், போவாள். எல்லம்மாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். "இப்ப கேக்கமாட்டேன். அந்த நாளு வரட்டும். அப்பத்தான வருவாரு."

அந்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. எல்லம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொர்ணம் குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்ன பொய், அதை நம்பி அவள் போட்ட கையெழுத்து.

"நீ ஒண்ணும் பெருசா சொல்லத் தேவையில்லய்யா. கேட்டா ஆமா, குந்தி கீறான்னு சொல்லு. போதும்."

வேம்புலி அவளைப் பார்த்தான். "நீ பொய் சொல்லித்தான் என்னிய இட்டாந்தியா?"

"ஆமா."

"அவனைக் கொன்னேன். அவன் பேர்ல பொய்யும் சொல்லணுமா? மாட்டேன்மே. என்னியத் திருப்பி அனுப்புனாலும் சரி." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு அந்தப் பிடிவாதம் அப்படியே இருந்தது. யூனியனில் நின்ற அதே ஆள்தான். எல்லம்மாவுக்கு அவன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்கு நடுவே, இவன் என் புருஷன் என்று பத்து வருஷத்துக்கப்புறம் முதல்முறையாகத் தோன்றவும் செய்தது.

மாசியில் அந்த நாளும் வந்தது. எல்லம்மா அடுப்படியில் குழம்பை இறக்கினாள். கூடத்தில் சொர்ணம் மெழுகி இலை போட்டாள். வழக்கம்போல் ரெண்டு. குழம்புச் சட்டியோடு வந்த எல்லம்மா இரண்டாவது இலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அவருதான் ஊட்டுல கீறாரே. அவருக்குத் தட்டுல போட்டா பத்தாதா?"

"பத்து வருசமா துன்ன எலை. இப்ப மட்டும் இன்னா?" என்றாள் சொர்ணம். அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வந்து அவன் இலைக்கு முன்னால் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். வெளியே நல்ல வெயில். கதவு திறந்துதான் இருந்தது. சோறும் குழம்பும் முட்டையும் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். சொர்ணம் எதிரில் மண்டியிட்டாள்.

"அண்ணே," என்றாள். கல்யாணமாகி வந்த எட்டு மாதமும் அவனை அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். "வந்துட்டாரா?"

எல்லம்மா சட்டியோடு அடுப்படி வாசலில் போய் நின்றாள். இதோ சொல்லப்போகிறான், இல்லை என்று சொல்லப்போகிறான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். வேம்புலி தன் இலையைப் பார்க்கவில்லை. பக்கத்து இலையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் உதடு கோணியது.

"எலைக்கு அடியில இன்னாமே வெச்சிக்கீற?" என்றான். "எலையத் தூக்கித் தூக்கிப் பாக்குறான்."

சொர்ணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு கையை நீட்டி நாகப்பனின் இலை நுனியைத் தூக்கினாள். மெழுகிய தரையில் ஒரு வெள்ளி மெட்டி இருந்தது. தாலி அறுத்த அன்று அவள் கால் மெட்டியில் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பத்து வருஷமாக ஒவ்வொரு படையலுக்கும் அதை அவன் இலைக்கடியில் வைத்து எடுத்திருக்கிறாள். வருஷாவருஷம் சட்டியும் கையுமாக அடுப்படியிலேயே நின்ற எல்லம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. தெரியாததை அவள் எப்படிப் புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள் சொர்ணம், அழுகையும் சிரிப்புமாக. "என்னிய இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. உன்னியேதான் பாக்குறான்." வேம்புலி மெல்ல முன்னால் சாய்ந்து, பக்கத்து இலைக்கு எதிரே வெறுந்தரையில் நெற்றி படக் குனிந்தான். "மச்சான்," என்றான். அவனை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எல்லம்மாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் எல்லோரும் கொன்றவனின் பெண்டாட்டியாகத்தான் அவளைப் பார்த்தார்கள். சொர்ணத்துக்குத் துணையாகப் பார்த்தார்கள். செத்தது அவள் தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனைப் பற்றி அவளிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னியப் பாக்குறானாய்யா?"

வேம்புலி அந்த இலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன்தான் சொல்லமாட்டானே.

"இல்லமே," என்றான். "உன் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டேங்குறான்."

அன்று வேம்புலி இலையில் வைத்த சோற்றைத் தொடவில்லை. பசிக்கவில்லை என்றான். எட்டு நாள் கழித்து ஒரு முற்பகலில், சொர்ணம் கொடுத்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டுச் செத்துப்போனான். ஒருமுறை காரியம் செய்தவனுக்கு மறுமுறை கிடையாது என்று பூசாரி சொல்லிவிட்டார். எடுத்துப்போய்ப் புதைத்தார்கள், அவ்வளவுதான். கழற்ற எல்லம்மாவிடம் தாலியும் இல்லை, உடைக்க வளையலும் இல்லை.

மாசி வந்தால் இப்போதும் ரெண்டு இலைதான். சொர்ணம் மெட்டியை ஒளிப்பதில்லை, எல்லோரும் பார்க்க இலையின் மேலேயே வைக்கிறாள். அவள் முகத்தில் அன்று வந்த அமைதி அப்படியே தங்கிவிட்டது. எல்லம்மா குழம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவதில்லை. நாகப்பன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல இனி ஆள் இல்லை. ஒரு வருஷம் அவள் இலைக்கு வலப்பக்கம் உட்காருகிறாள், அடுத்த வருஷம் இடப்பக்கம், அதற்கடுத்த வருஷம் வாசலைப் பார்த்தபடி. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், சோறு ஆறுகிறவரைக்கும் அந்த இலைக்கு மேலே, ஒரு ஆளின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில், கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.